கருவின் மூளையும் முதல் 28 நாட்களும்

ஓமந்தை என்னும் பெயரைக் கேட்டவுடன் எம்மவரின் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடியேயாகும். வவுனியா நகருக்கு வடக்கே, ஏ-9 வீதியில் அமைந்துள்ள அவ்வூர், 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர், வன்னிக்குள் செல்வோரும் வன்னியிலிருந்து வெளியேறுவோரும் வரிசையில் நின்று கடந்து சென்ற வாயிலாக விளங்கியது. எந்தப் பொருள் உள்ளே செல்லலாம், எது செல்லக்கூடாது என்பது அங்கே தீர்மானிக்கப்பட்டது. 2009 இல் இறுதிப் போரிலிருந்து மீண்டு வந்த பல்லாயிரக்கணக்கான மக்களும் அவ்வழியாகவே கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் வயிற்றிலே பிள்ளையைச் சுமந்த தாய்மாரும் இருந்தனர். 2015 இல் அச்சாவடி அகற்றப்பட்டது. இன்று புகையிரதமும் பேருந்தும் தடையின்றி அவ்வூரைக் கடந்து செல்கின்றன.

நாம் இன்று எழுத முற்படுவது வேறொரு வாயிலைப் பற்றியதாகும். தாயின் குருதிக்கும் கருவின் குருதிக்கும் இடையில் நின்று, எது உள்ளே செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கின்ற நச்சுக்கொடியே அவ்வாயில். அதனூடாகக் கடந்து செல்லும் சில பொருட்களும், தாய் தந்தையரிடமிருந்து வருகின்ற சில பரம்பரையலகுகளும் பிறக்கவிருக்கும் பிள்ளையின் மூளையை எவ்வாறு பாதிக்கின்றன, அவற்றுள் எவற்றை எம்மால் தடுக்க முடியும் என்பவற்றை வன்னியின் தாய்மாரும் அவர்களது குடும்பத்தினரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தகர்ந்துபோன நம்பிக்கை

நச்சுக்கொடி ஒரு மதிலைப் போன்றது, நச்சுப் பொருட்களை அது உள்ளே விடாது என்றே கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகில் பலர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையைத் தகர்த்தது தலிடோமைட் என்னும் மருந்தாகும். 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, தூக்கத்துக்கும் கர்ப்பகால வாந்திக்கும் பாதுகாப்பானதென விளம்பரம் செய்யப்பட்டது. 1961 இன் இறுதியில் அது மீளப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் 10,000 இற்கு மேற்பட்ட பிள்ளைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்திருந்தனர். தாய்க்குத் தீங்கு செய்யாத பொருள் கருவுக்குப் பெருந்தீங்கு செய்யலாம் என்பதையும், எந்தப் பொருள் என்பதைப் போலவே எந்த நாளில் என்பதும் முக்கியமானது என்பதையும் அந்த அனர்த்தம் உலகுக்கு உணர்த்தியது.

மூளையைப் பொறுத்தவரை அந்த 'எந்த நாள்' என்னும் வினாவே எல்லாவற்றுக்கும் மேலானதாகும். கரு உருவாகி மூன்றாவது வாரத்தில், முளையத்தின் முதுகுப் பக்கத்தில் ஒரு தகடு தோன்றுகின்றது. அதன் இரு விளிம்புகளும் பாயைச் சுருட்டுவது போல மேலெழுந்து ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு குழாயாக மாறுகின்றன. இந்த நரம்புக் குழாயின் மேற்பகுதி மூளையாகவும், கீழ்ப்பகுதி முண்ணாணாகவும் வளர்கின்றன. ஏறத்தாழ 28 ஆம் நாளளவில் குழாய் முற்றாக மூடிவிட வேண்டும். மேல் முனை மூடாதுவிடின் மூளையும் மண்டையோடும் உருவாகாத பிள்ளை பிறக்கின்றது. அத்தகைய பிள்ளை பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாதுவிடின் முதுகுத் தண்டு பிளவுபட்ட பிள்ளை பிறக்கின்றது. அதனோடு மூளையில் நீர் தேங்குவதும் கால்கள் செயலிழப்பதும் பெரும்பாலும் சேர்ந்து வருகின்றன.

இந்த 28 நாட்களைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மாதவிலக்குத் தவறும் நாளில் கருவின் வயது ஏறத்தாழ 14 நாட்கள். தவறியதை உணர்ந்து, சில நாட்கள் பொறுத்திருந்து, பரிசோதித்து உறுதிப்படுத்துவதற்குள் மேலும் இரு வாரங்கள் கழிந்துவிடுகின்றன. அதன் பின்னரே அவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்து சிகிச்சை நிலையத்துக்குச் செல்கின்றார். அவர் அங்கே முதன்முதலாகச் சென்று அமரும் வேளையில், பிள்ளையின் நரம்புக் குழாய் மூடியிருக்கும். அல்லது மூடாமலே போயிருக்கும். மூளைக் குறைபாடுகளைத் தடுக்கும் முயற்சி கர்ப்பத்தின் பின்னரன்றி, கர்ப்பத்துக்கு முன்னரே தொடங்கப்பட வேண்டும் என்று நாம் வலியுறுத்துவதன் காரணம் இதுவேயாகும்.

ஓர் இலைச்சத்தின் வரலாறு

நரம்புக் குழாய் சரிவர மூடுவதற்குப் போலிக் அமிலம் என்னும் விற்றமின் இன்றியமையாதது. இதன் வரலாறு எமது பிராந்தியத்தோடு தொடர்புடையது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயில் வறிய கர்ப்பிணித் தாய்மாரைப் பீடித்த கடுமையான குருதிச்சோகையை ஆராய்ந்தார். இலங்கையில் இன்றும் வீடுகளில் காணப்படும் மார்மைட் என்னும் மதுவச் சாறு அந்நோயைக் குணப்படுத்துவதை அவர் 1931 இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து 1941 இல் பசளிக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயரிடப்பட்டது.

அதற்குச் சரியாக அரை நூற்றாண்டின் பின்னர், 1991 இல், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை பல நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஏற்கனவே இத்தகைய குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னரே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் போலிக் அமிலம் உட்கொண்டபோது, குறைபாடு மீண்டும் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 72 வீதத்தால் குறைந்தது. ஏனைய பெண்கள் கருத்தரிக்க முயலும் காலந்தொட்டுக் கர்ப்பத்தின் 12 ஆவது வாரம் வரை நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் உட்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. கீரைவகை, பயறு, கௌபி, உளுந்து ஆகியவற்றில் இச்சத்து உண்டு. ஆயினும் நெடுநேரம் வேகவைக்கும்போது அதில் பெரும்பகுதி அழிந்துவிடுவதால், உணவை மாத்திரம் நம்பியிருத்தல் போதுமானதன்று. மலிவான ஒரு சிறு மாத்திரை ஒரு பிள்ளையின் முழு வாழ்வையும் காக்க வல்லது.

பரம்பரையலகுகளின் பங்கு

எல்லாக் குறைபாடுகளும் சத்துக் குறைவால் வருவன அல்ல. சில நிறமூர்த்தங்களின் எண்ணிக்கைப் பிழையால் வருகின்றன. 21 ஆவது நிறமூர்த்தம் இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக அமைவதே டவுண் நோய்த்தொகுப்பின் காரணம் என 1959 இல் பிரான்சில் கண்டறியப்பட்டது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. கருமுட்டை உருவாகும்போது நேரும் தற்செயலான பிழையே இது. தாயின் வயது ஏற ஏற அப்பிழைக்கான வாய்ப்பும் ஏறுகின்றது. 35 வயதில் ஏறத்தாழ 350 பிள்ளைகளுக்கு ஒன்று என்றிருப்பது, 40 வயதில் 100 இற்கு ஒன்றாகின்றது.

வேறு சில குறைபாடுகள் தனியொரு பரம்பரையலகின் பழுதால் வருவன. இவற்றுட் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான அலகு வந்து சேர்ந்தால் மாத்திரமே வெளிப்படும். ஒன்று மாத்திரம் பழுதாயிருப்பவர் எவ்வித நோயுமின்றி வாழ்வார். தம்மிடம் அது இருப்பதையும் அறியார். மூளை வழமையைவிட மிகச் சிறிதாக அமையும் பிறவிச் சிறுதலை நோய்க்கான முக்கிய பரம்பரையலகொன்று 2002 இல் கண்டறியப்பட்டபோது, ஆராயப்பட்ட குடும்பங்கள் நெருங்கிய உறவுக்குள் மணம் புரிந்த வட பாகிஸ்தானியக் குடும்பங்களாக இருந்தன.

மச்சான் மச்சாள் முறையில் மணம் புரிவது தமிழ், முஸ்லிம் ஆகிய எமது இரு சமூகங்களிலும் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. இடம்பெயர்வுக் காலத்தில், முகாம்களிலும் அந்நிய ஊர்களிலும், தெரிந்த இடத்திலே பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் பெற்றோரிடம் வலுப்பெற்றமை இயல்பானதே. இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரில் 11,000 இற்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நெருங்கிய மச்சான் மச்சாள் திருமணங்களில் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு 100 இற்கு 3 இலிருந்து 6 ஆக உயர்வதைக் காட்டியது. இது இரட்டிப்பு என்பது உண்மை. 94 பிள்ளைகள் குறைபாடின்றிப் பிறக்கின்றன என்பதும் உண்மை. எனவே இத்தகைய மணங்களை இழிவாகப் பேசுவது அறிவுடைமையாகாது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஏற்கனவே இத்தகைய பிள்ளை பிறந்திருப்பின், அதே குடும்பத்துக்குள் மீண்டும் சம்பந்தம் பேசுவதற்கு முன்னர் வைத்திய ஆலோசனை பெறுவது பெரியோரின் கடமையாகும்.

ஒரே பூட்டு, இரு வழிகள்

பரம்பரையும் இரசாயனமும் வெவ்வேறு உலகங்கள் அல்ல என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ஆட்டு மந்தைகள் சான்று பகர்கின்றன. 1950 களில் அங்கே நெற்றியின் நடுவில் ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. கருவுற்ற 14 ஆம் நாளில் தாயாடு ஒருவகைக் காட்டுச் செடியை மேய்ந்திருந்தால் மாத்திரமே இவ்வாறு நேர்ந்ததை ஆய்வாளர் கண்டறிந்தனர். அச்செடியிலிருந்த பொருளுக்குச் சைக்கிளோப்பமைன் எனப் பெயரிடப்பட்டது. மூளையின் முன்பகுதி இடம் வலம் என இரண்டாகப் பிரிவதற்குக் கட்டளையிடும் 'சொனிக் ஹெட்ஜ்ஹொக்' என்னும் சமிக்ஞைத் தொடரையே அது தடுக்கின்றது. மனிதரில் மூளையின் முன்பகுதி பிரியாதிருக்கும் பிறவிக் குறைபாட்டுக்கு, அதே சமிக்ஞைக்குரிய பரம்பரையலகின் பழுதும் ஒரு காரணம் என்பது 1996 இல் நிரூபிக்கப்பட்டது. அலகு பழுதானாலும், அதன் கட்டளையை இரசாயனம் தடுத்தாலும் விளைவு ஒன்றே. அலகை மாற்றுவது எமது கையில் இல்லை. இரசாயனத்தைத் தவிர்ப்பது பெரும்பாலும் எமது கையிலேயே உள்ளது.

எமது வீட்டிலும் வயலிலும்

அவ்வாறு தவிர்க்கத்தக்கவற்றுள் முதலில் மருந்துகளைக் குறிப்பிட வேண்டும். வலிப்பு நோய்க்கு வழங்கப்படும் வல்புரோயேற் என்னும் மருந்தைக் கர்ப்ப காலத்தில் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளில் 100 இற்கு ஏறத்தாழ 11 பேருக்கு, முதுகுத் தண்டு பிளவு உள்ளிட்ட பிறவிக் குறைபாடுகளும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கல்வி, நடத்தை சார்ந்த வளர்ச்சிப் பாதிப்புகளும் ஏற்படுவதாக ஐரோப்பிய மருந்து முகவரகம் எச்சரித்துள்ளது. தலையில் ஆழமான காயம்பட்டோருக்கு ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் வலிப்பு வரக்கூடும். ஷெல் சன்னங்களைத் தலையில் தாங்கி வாழும் பெண்கள் உள்ள வன்னி மண்ணில் இந்த எச்சரிக்கைக்குத் தனிப் பொருளுண்டு. ஆயினும் எவரும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. கர்ப்பகாலத்தில் வரும் வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்தாகும். கருத்தரிக்கு முன்னரே வைத்தியரிடம் சென்று மருந்தை மாற்றியமைத்துக் கொள்வதே வழி.

நீரிழிவும் அத்தகையதே. முதல் வாரங்களில் தாயின் குருதியிலே வெல்லம் மிகுந்திருப்பின் மூளை, முண்ணாண், இதயம் ஆகியவற்றில் குறைபாடுகள் ஏற்படும் வாய்ப்புப் பன்மடங்காகின்றது. அயடீன் குறைவாயின் தைரொயிட் ஓமோன் குறைந்து பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றுகின்றது. இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 இல் கட்டாயமாக்கப்பட்டது. உப்பைத் திறந்த பாத்திரத்தில் அடுப்பருகே வைத்தால் அயடீன் ஆவியாகிக் குறையும் என்பதால், மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் தறுவாயில் இடுவது நன்று.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவுமில்லை. இளமையில் உடலிலே சேர்ந்த ஈயம் எலும்பில் தங்கி, கர்ப்பகாலத்தில் கல்சியத்தோடு குருதிக்குள் மீண்டும் வந்து கருவை அடைகின்றது. கண்ணுக்கிடும் சுர்மாவின் சில வகைகள் ஈயக் கனிமத்தாலானவை. உலோகம் சேர்ந்த பஸ்பங்களையும், இயல்பாகவே மதுசாரம் ஊறிய அரிஷ்டங்களையும் பதிவு பெற்ற வைத்தியரின் ஆலோசனையின்றிக் கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது. எமது பெண்கள் மது அருந்துவது அரிதெனினும், கணவனின் சிகரெட் புகையும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் கருவைச் சென்றடைவதை எவரும் மறுக்க முடியாது.

பாதரசத்தின் கொடுமையை ஜப்பானின் மினமாட்டா விரிகுடா உலகுக்குக் காட்டியது. 1956 இல் அங்கு நோய் கண்டறியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் மீனிலே சேர்ந்து, அதை உண்ட தாய்மாருட் சிலர் சிறிதளவே பாதிக்கப்பட்டிருக்க, அவர்களது பிள்ளைகள் கடும் மூளைப் பாதிப்புடன் பிறந்தனர். இதனால் மீனைக் கைவிட வேண்டியதில்லை. மீன் கருவின் மூளைக்கு நல்லுணவாகும். பெரிய சுறா, வாள்மீன் போன்றவற்றைக் கர்ப்பகாலத்தில் தவிர்த்து, நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களை உண்பதே விவேகம்.

ஓமந்தையைச் சூழவுள்ள குளத்துக் கிராமங்களுக்கு மிக நெருக்கமானது பீடைகொல்லிப் பிரச்சினையாகும். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள்மீது இருபது ஆண்டுகளுக்கு மேலாக, 2000 ஆம் ஆண்டு வரை, ஆகாய மார்க்கமாக எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அங்கே தலை வீங்கியும் அறிவு வளர்ச்சி குன்றியும் பிறந்த பிள்ளைகளின் படங்கள் உலகை உலுக்கின. இந்திய உச்சநீதிமன்றம் 2011 இல் அதனைத் தடைசெய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபா வழங்குமாறு 2017 இல் கேரள அரசுக்குக் கட்டளையிட்டது. இலங்கை அதனை 1998 இலேயே தடைசெய்திருந்தது. குளோர்பைரிபொஸ் என்னும் மற்றொரு பீடைகொல்லி, கருவிலேயே அதற்கு உட்பட்ட பிள்ளைகளின் மூளை அமைப்பில் மாற்றங்களோடு தொடர்புபட்டிருப்பதை நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் வெளிப்படுத்தினர். 2025 இல் அது ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின் ஒழிக்கப்பட வேண்டிய பொருட்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு பொருளைத் தடைசெய்தால் மற்றொன்று சந்தைக்கு வருகின்றது. எனவே கருத்தரிக்கவிருக்கும் பெண்ணும் கர்ப்பிணியும் மருந்து தெளித்த வயலில் களை பிடுங்கவோ, மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்யவோ கூடாது. மருந்தடித்து வந்த கணவனின் உடுப்பை அவனே தனியாகத் தோய்க்க வேண்டும். வெறுங் கான்களைத் தண்ணீர் அள்ளப் பயன்படுத்தலாகாது.

செய்ய முடியும் என்பதற்குச் சான்று

இவையெல்லாம் ஏட்டளவிலான அறிவுரைகள் என எவரும் கருதலாகாது. கருவின் மூளை, கண், செவி ஆகியவற்றைச் சிதைக்கும் ருபெல்லா நோய் 1994-95 இல் இலங்கையில் பரவியது. அதன் பின்னர் 1996 இல் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவது ஆரம்பிக்கப்பட்டது. 2020 இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போரும் இடம்பெயர்வும் நிறைந்த காலத்திலும் இது இயன்றது. கருத்தரிக்கு முன்னரே ஏற்றப்பட்ட ஊசியே இதைச் சாதித்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அதே வழிமுறை ஏனையவற்றுக்கும் பொருந்தும். புதிதாக மணமுடித்த தம்பதியருக்கான கர்ப்பத்துக்கு முந்திய பராமரிப்பைச் சுகாதாரத் திணைக்களம் நடத்தி வருகின்றது. உடல் நிறை, குருதியமுக்கம், வெல்லம், தடுப்பூசி ஆகியவற்றைப் பார்த்துப் போலிக் அமிலமும் வழங்குகின்றனர். ஆனால் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் பெயர் சேராத தம்பதிக்கு இதனால் பயனில்லை. எனவே விவாகப் பதிவாளர்களும், கோயில் தர்மகர்த்தாக்களும், பள்ளிவாசல் நிர்வாகிகளும், நிக்காஹ் நடத்தி வைப்போரும், திருமணம் பேசும் நாளிலேயே மணமக்களை அப்பதிவேட்டுக்கு வழிப்படுத்த வேண்டும் எனக் கேட்டுக் கொள்கின்றோம். வீதியிலிருந்து தொலைவில், பேருந்து எட்டாத மீள்குடியேற்றக் கிராமங்களுக்கு அச்சேவை தேடிச் செல்வதை உறுதிப்படுத்துவது மாகாண சுகாதார அதிகாரிகளின் பொறுப்பாகும்.

இதிலே மற்றொரு நியாயமும் உண்டு. கருவிலே குறைபாடு கண்டறியப்பட்டாலும், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைக்க இலங்கைச் சட்டம் இடமளிப்பதில்லை. அச்சட்டம் குறித்து எவர் எக்கருத்தைக் கொண்டிருப்பினும், முன்கூட்டியே தடுப்பதில் இரு சமூகத்தவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இறுதியாக, ஏற்கனவே பிறந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிரகணத்தைப் பார்த்தாள், சாபத்துக்கு ஆளானாள், ராசியில்லாதவள் என்றெல்லாம் தாயைத் தூற்றும் வழக்கம் எம்மிடையே இன்னும் அற்றுப் போகவில்லை. மேலே கூறியவற்றுள் எந்த ஒரு காரணமும் அவளது பாவமன்று. பலவற்றில் தந்தையின் பங்கு தாயின் பங்குக்குச் சமமானது. இன்னும் பலவற்றுக்குக் காரணம் எவராலும் கண்டறியப்படாததாகவே உள்ளது. அப்பிள்ளையை வீட்டின் உள்ளறையில் மறைத்து வைக்காது, வைத்தியசாலைக்கும் விசேட கல்விப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லும் தாய்க்குத் துணை நிற்பது உறவினரதும் அயலவரதும் கடமையாகும்.

ஓமந்தையின் சாவடியைத் திறப்பதும் மூடுவதும் எமது மக்களின் கையில் இருக்கவில்லை. கருவின் வாயிலைக் காக்கும் காரியத்தில் பெரும்பகுதி எமது கையில் இருக்கின்றது. அதற்கான நாட்களோ 28 மாத்திரமே. அவை தொடங்குமுன் நாம் விழித்துக் கொள்ள வேண்டும்.